பார்க்கக் கற்பித்த ஆசிரியர்

நுழையும்முன்

கையடக்கக் கருவியொன்றால் ஒரு நாளில் நூறு படங்கள் எடுக்கும் காலம் இது. படம் எடுத்தல் எளிதாகிவிட்டது, பார்த்தல் எளிதாகிவிட்டதா? நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒளிப்படக்கருவியை வகுப்பறைக்குள் கொண்டுவந்து மாணவர்களின் கண்களைப் பழக்கிய ஆசிரியர் ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். பின்னாளில் அதே கருவியைத் தோளில் சுமந்துகொண்டு, பள்ளிக்கே வர இயலாத குழந்தைகளைத் தேடிச் சென்றார். லூயிஸ் ஹைன் என்னும் அவ்வாசிரியரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உழைப்பில் தொடங்கிய வாழ்வு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்கோஷ் என்னும் ஊர் உள்ளது. மரத்தொழிலுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் 1874ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் லூயிஸ் ஹைன் பிறந்தார். அவர் பள்ளிப் படிப்பை முடித்த 1892ஆம் ஆண்டில் தந்தை விபத்தொன்றில் இறந்தார். குடும்பப் பொறுப்பு பதினெட்டு வயது இளைஞரின் தோளில் விழுந்தது. அறைகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர உழைப்பு. கிடைத்த கூலியோ வாரத்திற்கு 4 டாலர்.

அத்தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். வங்கியொன்றில் துப்புரவுப் பணியாளராகவும் இருந்தார். பகலில் உழைப்பு, மாலையில் படிப்பு என்று ஆண்டுகள் கழிந்தன. உடல் களைத்த பின்னும் நூலைக் கையில் எடுக்கும் துன்பம் எத்தகையது என்பதை அவர் எவரிடமும் கேட்டு அறியவில்லை. தாமே பட்டு அறிந்தார். பிற்காலத்தில் ஆலைக் குழந்தைகளின் முகங்களை அவர் அத்துணைக் கூர்மையாகப் பார்க்க முடிந்தமைக்கு இவ்வாண்டுகளே அடிப்படை.

ஆஷ்கோஷ் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஃபிராங்க் மேனி என்னும் கல்வியாளரின் நட்பு ஹைனுக்குக் கிட்டியது. ஆசிரியராகுமாறு அவரை ஊக்கியவர் மேனியே. ஹைன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் பயின்றார். நியூயார்க் நகரின் எதிக்கல் கல்ச்சர் பள்ளிக்குத் தலைமையேற்றுச் சென்ற மேனி, ஹைனையும் அங்கே அழைத்துக்கொண்டார். 1901ஆம் ஆண்டு ஹைன் அப்பள்ளியில் இயற்கையறிவும் புவியியலும் கற்பிக்கும் ஆசிரியரானார். பணியாற்றிக்கொண்டே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பயின்று 1905ஆம் ஆண்டு பட்டமும் பெற்றார்.

அப்பள்ளியும் ஒரு தனி வரலாறு உடையது. ஃபீலிக்ஸ் ஆட்லர் என்னும் சிந்தனையாளர், தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளின் கல்விக்காகத் தொடங்கிய பள்ளியே பின்னர் இப்பெயரைப் பெற்றது. மனப்பாடத்தைவிடச் செய்து கற்றலுக்கு அங்கே மதிப்பு மிகுதி. மாணவரின் கையும் கண்ணும் மூளையோடு சேர்ந்து வளர வேண்டும் என்பது அப்பள்ளியின் கொள்கை.

வகுப்பறைக்கு வந்த கருவி

பள்ளி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யவும் பாடம் கற்பிக்கவும் ஒளிப்படக்கருவி பயன்படும் என்று மேனி கருதினார். அப்பொறுப்பை ஹைனிடம் ஒப்படைத்தார். முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஹைன், அதற்குமுன் ஒளிப்படக்கருவியைக் கையாண்டவர் அல்லர். ஆகவே, அவர் முதலில் மாணவராகித் தாமே கற்றார், கற்றதைக் கற்பித்தார், கற்பித்ததன்வழி மேலும் கற்றார்.

அன்றைய கருவி இன்றைய கருவியைப் போன்றதன்று. ஐந்து அங்குல அகலமும் ஏழு அங்குல நீளமும் உடைய கண்ணாடித் தட்டில் படம் பதியும். கருவியை முக்காலியின்மீது நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, பின்புறத்திலுள்ள மங்கிய கண்ணாடியைப் பார்க்க வேண்டும். எதிரே உள்ள காட்சி அதில் தலைகீழாகத் தெரியும். காட்சி தெளிவாகும்வரை வில்லையை முன்னும் பின்னும் நகர்த்திய பிறகே தட்டைச் செருக முடியும். வெளிச்சம் குறைந்த இடமாயின் மக்னீசியப் பொடியைத் தட்டில் கொட்டிக் கொளுத்த வேண்டும். ஒரு நொடி பேரொளி எழும். பிறகு அறை முழுவதும் புகை சூழும். ஒரு தட்டுக்கு ஒரு படம். ஒரு படத்திற்கு ஒரே வாய்ப்பு.

இக்கடினத்தில் ஒரு நன்மையும் இருந்தது. பொத்தானை அழுத்துவதற்குமுன் சிந்தித்தே தீர வேண்டும் என்று கருவியே மாணவரைக் கட்டாயப்படுத்தியது. ஒளி எத்திசையிலிருந்து வருகிறது? எங்கே நின்றால் பொருளின் இயல்பு விளங்கும்? சட்டகத்திற்குள் எது இருக்க வேண்டும், எது விலக்கப்பட வேண்டும்? பின்னணி துணை செய்கிறதா, தடை செய்கிறதா? ஒளிப்படக் கலையின் தொடக்கப் பாடங்கள் என்று இன்றும் சொல்லப்படுபவை இவ்வினாக்களே. தலைகீழாகத் தெரியும் காட்சியும் ஒருவகையில் உதவியது. பழகிய பொருள்கள் பெயரிழந்து வெறும் வடிவங்களாகவும் கோடுகளாகவும் ஒளிநிழல்களாகவும் தோன்றும்போது, வடிவமைப்பின் இலக்கணத்தை மாணவர் எளிதில் உணர்வர்.

பள்ளியில் ஒளிப்படக்கருவியின் இடம் குறித்துக் கல்வி இதழ்களில் ஹைன் கட்டுரைகள் எழுதினார். மாணவர்கள் அனைவரையும் ஒளிப்படக் கலைஞராக்குவது அவர் நோக்கமன்று. கூர்ந்து நோக்கும் ஆற்றலையும் அழகுணர்வையும் வளர்ப்பதற்குக் கருவி துணையாக வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

எல்லிஸ் தீவில் ஒரு பாடம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகளிலிருந்து மக்கள் பெருந்திரளாக அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். நியூயார்க் துறைமுகத்தில் உள்ள எல்லிஸ் தீவே அவர்களின் நுழைவாயில். 1907ஆம் ஆண்டில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அத்தீவின் வழியாக வந்தனர். கிழிந்த உடையும் அறியாத மொழியும் உடைய அவர்களை நகரத்தார் பலர் வெறுப்போடு நோக்கினர்.

அவ்வெறுப்பு தம் மாணவர்களின் உள்ளத்தில் வேரூன்றக்கூடாது என்று மேனியும் ஹைனும் எண்ணினர். அமெரிக்காவில் முன்னர்க் குடியேறியவர்களைப் பாடநூலில் போற்றிக் கற்கும் மாணவர்கள், இன்று வந்து இறங்குவோரையும் அதே மதிப்போடு காண வேண்டும் என விரும்பினர். அதற்காக 1904ஆம் ஆண்டு முதல் ஹைன் எல்லிஸ் தீவுக்குச் சென்று படம் எடுத்தார். நெருக்கியடிக்கும் கூட்டத்தில், மொழி அறியாத மக்களிடம் சைகையால் இசைவு பெற்று, அவர்கள் அசையாமல் இருக்கும் அந்த ஒரு கணத்தில் பொடியைக் கொளுத்த வேண்டும். பிசகினால் மீண்டும் எடுக்க வழியில்லை. ஆயினும் சில ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட தட்டுகளை அவர் பதிவு செய்தார்.

1905ஆம் ஆண்டில் எடுத்த ஒரு படத்தில் தாய் ஒருத்தி தன் குழந்தையோடு அமர்ந்திருக்கிறாள். அக்காட்சியமைப்பு, இத்தாலிய ஓவியர் ரஃபேல் தீட்டிய தாய்-சேய் ஓவியங்களை நினைவூட்டுகிறது. கூட்டத்தில் ஒருத்தியாகப் புறக்கணிக்கப்பட்டவளை, போற்றத்தக்க தாயாகப் பார்வையாளர் முன் நிறுத்துகிறது அப்படம். யாரை, எப்படி, எங்கே நிறுத்திக் காட்டுகிறோம் என்பது வெறும் அழகியல் சார்ந்ததன்று. அறம் சார்ந்தது என்பதற்கு அது சான்று.

மாணவர் ஒருவர்

ஹைனின் ஒளிப்பட வகுப்பில் பால் ஸ்ட்ராண்ட் என்னும் மாணவர் இருந்தார். 1907ஆம் ஆண்டில் அவருக்கு வயது பதினேழு. கருவியைக் கையாளும் அடிப்படைகளை ஹைனிடம் கற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் ஹைன் தம் மாணவர்களை ஐந்தாம் அவென்யூவில் 291ஆம் எண்ணுள்ள கட்டடத்தில் இருந்த சிறு காட்சிக்கூடத்திற்கு அழைத்துச் சென்றார். ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்னும் கலைஞர் நடத்திய கூடம் அது. ஒளிப்படமும் ஓவியத்திற்கு இணையான கலையே என்று நிலைநாட்டப் பாடுபட்டவர் அவர்.

ஹைனின் நாட்டம் வேறு; ஸ்டீக்லிட்ஸின் நாட்டம் வேறு. சமுதாயத்திற்குப் பயன்படும் ஆவணமாக ஒளிப்படத்தை ஹைன் கருதினார். கலைக்கே முதலிடம் தந்தார் ஸ்டீக்லிட்ஸ். எனினும், தம் வழியிலிருந்து மாறுபட்ட ஒருவரின் கூடத்திற்கு மாணவர்களை அழைத்துச் செல்ல ஹைன் தயங்கவில்லை. அன்று அங்கே கண்ட படங்கள் ஸ்ட்ராண்டின் வாழ்க்கைப் பாதையை முடிவு செய்தன. தாம் ஒளிப்படக் கலைஞராக வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். பின்னாளில் உலகின் தலைசிறந்த ஒளிப்படக் கலைஞர்களுள் ஒருவராக விளங்கிய ஸ்ட்ராண்டின் படைப்புகளில் ஸ்டீக்லிட்ஸின் கலைநுட்பமும் ஹைனின் மனிதநேயமும் ஒருங்கே காணப்படுகின்றன. தன் சாயலை மாணவர்மீது திணிக்காமல் பல வாயில்களைத் திறந்துவிடுவதே நல்லாசிரியர் இயல்பு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

பள்ளியை விட்டு வெளியே

1900ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி அமெரிக்காவில் பத்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 17.5 இலட்சம் பேர் வேலை செய்துகொண்டிருந்தனர். பஞ்சாலை, நிலக்கரிச் சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலை, மீன் பதப்படுத்தும் கூடம், வயல் எனக் குழந்தைகள் இல்லாத தொழிலே இல்லை என்னும் நிலை. இக்கொடுமையை ஒழிப்பதற்காக 1904ஆம் ஆண்டு தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு தொடங்கப்பட்டது. ஹைன் பணியாற்றிய பள்ளியை நிறுவிய ஃபீலிக்ஸ் ஆட்லரே அக்குழுவின் முதல் தலைவர்.

குழுவிடம் புள்ளிவிவரங்கள் இருந்தன. ஆனால், எண்களைக் கண்டு மக்கள் மனம் கலங்கவில்லை. குழந்தைகள் மனமுவந்து வேலை செய்கின்றனர், அவ்வேலை எளியது, குடும்பத்திற்கு உதவியானது என்று ஆலை உரிமையாளர்கள் கூறியதை மக்கள் நம்பினர். பார்த்திராத ஒன்றை எப்படி நம்ப வைப்பது? குழு ஹைனை நாடியது. சில காலம் பகுதிநேரமாக உதவிய ஹைன், 1908ஆம் ஆண்டு நிலையான ஆசிரியப் பணியைத் துறந்து குழுவின் ஒளிப்படக் கலைஞரானார். தாம் கற்பித்தலைக் கைவிட்டதாக அவர் கருதவில்லை. நான்கு சுவருக்குள் இருந்த வகுப்பறை நாடு முழுவதும் விரிந்துவிட்டதாகவே கருதினார்.

படமும் சான்றும்

ஆலைகளுக்குள் ஒளிப்படக் கலைஞரை எவரும் வரவேற்கவில்லை. ஆகவே ஹைன் பல வேடங்களில் நுழைந்தார். சில இடங்களில் தீத்தடுப்பு ஆய்வாளர். சில இடங்களில் அஞ்சலட்டை விற்பவர் அல்லது விவிலியம் விற்பவர். வேறு சில இடங்களில் இயந்திரங்களைப் படம் எடுக்க வந்த தொழில்முறைக் கலைஞர். உள்ளே விடப்படாத இடங்களில், பணிமுடிந்து குழந்தைகள் வெளிவரும் வரை வாயிலில் காத்திருந்தார். காவலர்களின் மிரட்டலுக்கும் அவர் உள்ளானார்.

வேடமிட்டு நுழைந்தவரின் சொல்லை உலகம் எளிதில் ஏற்குமா? இவ்வினாவை ஹைன் நன்கு உணர்ந்திருந்தார். ஒளிப்படம் பொய் சொல்லாது என்று மக்கள் நம்பும் காலத்தில், பொய்யரும் ஒளிப்படம் எடுக்கக் கூடும் என்பதை அவர் வெளிப்படையாகவே எச்சரித்தார். எனவே ஒவ்வொரு படத்திற்கும் சான்று தேடினார். குழந்தையின் பெயர், வயது, பணி, கூலி, நாள், இடம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, சட்டைப்பைக்குள் மறைத்து வைத்த குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தம் மேற்சட்டையின் ஒவ்வொரு பொத்தானும் தரையிலிருந்து எத்துணை உயரத்தில் உள்ளது என்பதை முன்னரே அளந்து வைத்திருந்தார். அருகில் நிற்கும் குழந்தையின் தலை எந்தப் பொத்தானுக்கு நேராக இருக்கிறது என்று பார்த்து, எவரும் அறியாமல் அதன் உயரத்தைக் குறித்துக்கொண்டார்.

1908ஆம் ஆண்டு நவம்பரில் தென் கரோலினாவின் லங்காஸ்டர் நகரப் பஞ்சாலையில் எடுத்த படமொன்று புகழ்பெற்றது. நீண்ட இயந்திர வரிசை ஒன்று படத்தின் விளிம்பிலிருந்து தொடங்கித் தொலைவில் சென்று குறுகுகிறது. அதன் அருகே தனித்து நிற்கிறாள் ஒரு சிறுமி. அவள் உயரம் 48 அங்குலம் என்பது ஹைனின் குறிப்பு. அழுகையில்லை, காயமில்லை, வேலையில் பதிந்த ஒரு சின்ன முகம் மட்டுமே. இயந்திரத்தின் நீளமும் சிறுமியின் உயரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, சொல்ல வேண்டியதை அவ்வளவுகளே சொல்லிவிடுகின்றன. ஹைன் பெரும்பாலும் கருவியைக் குழந்தையின் கண்மட்டத்திற்குத் தாழ்த்தியே படம் எடுத்தார். அதனால் பார்ப்பவர் குழந்தையைக் குனிந்து பார்ப்பதில்லை. நேருக்கு நேர் எதிர்கொள்கின்றனர்.

1911ஆம் ஆண்டு சனவரியில் பென்சில்வேனியாவின் பிட்ஸ்டன் பகுதியில் நிலக்கரி உடைக்கும் கூடங்களைப் படம் எடுத்தார். பாய்ந்து வரும் கரியிலிருந்து கல்லைப் பொறுக்கியெடுப்பது அங்குள்ள சிறுவர்களின் வேலை. கரித்தூசி படிந்த முகங்களோடு வரிசையாக அமர்ந்திருக்கும் அச்சிறுவர்களின் படம், குழந்தைத் தொழிலாளர் வரலாற்றின் அழியாத சான்றாக இன்றும் நிற்கிறது.

சுவரொட்டியின் மொழி

படம் எடுப்பதோடு ஹைனின் பணி முடியவில்லை. எடுத்த படங்களை எவ்வாறு அடுக்கினால் மக்கள் மனத்தில் பதியும் என்பதையும் அவர் ஆராய்ந்தார். குழுவுக்காகச் சுவரொட்டிகளும் காட்சிப் பலகைகளும் துண்டறிக்கைகளும் உருவாக்கினார். சொற்பொழிவுகளுக்கு வேண்டிய ஒளிவில்லைகளையும் அணியம் செய்தார். சுவரொட்டி ஒன்றில், நலமுள்ள குழந்தைகள் முதலில் மூலப்பொருளாகக் காட்டப்படுகின்றனர். அடுத்து வருவது தொழிற்சாலை. இறுதியில், வாடி ஒடுங்கிய அதே வயதினர் அத்தொழிற்சாலையின் விளைபொருளாக நிற்கின்றனர். ஒரு பொருள் உற்பத்தியாகும் முறையை விளக்கும் வணிகப் படத்தின் அமைப்பையே எடுத்தாண்டு, அவ்வணிகத்தைக் கேள்விக்கு உள்ளாக்குகிறது அச்சுவரொட்டி. சொற்கள் சில, படங்கள் சில, அவற்றின் வரிசையில்தான் பொருள் பிறக்கிறது. வடிவமைப்பு என்பது அழகுபடுத்துதல் அன்று, கருத்தை ஒழுங்குபடுத்துதல் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

சட்டத்தின் நீண்ட பாதை

ஹைன் எடுத்த படங்களும் குழுவின் பரப்புரையும் மக்களின் மனச்சான்றைத் தட்டியெழுப்பின. 1912ஆம் ஆண்டு குழந்தைகள் நலனுக்கெனக் கூட்டாட்சி அரசில் தனிப் பணியகம் அமைந்தது. 1916ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியது. ஆனால், 1918ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. மீண்டும் இருபது ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1938ஆம் ஆண்டில்தான் நியாயமான பணிநிலைச் சட்டம் குழந்தைத் தொழிலுக்கு நாடளாவிய கட்டுப்பாடு விதித்தது. ஒளிப்படம் ஒரே நாளில் உலகை மாற்றிவிடவில்லை. ஆயினும், கண்ட பின்னரும் காணாதவர்போல் இருக்க மக்களை அது விடவில்லை.

உழைப்பின் மாண்பு

முதல் உலகப்போரின் இறுதிக் காலத்தில் ஹைன் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் ஐரோப்பா சென்று, போரினால் நலிந்த மக்களைப் படம் எடுத்தார். நாடு திரும்பியதும் அவர் நோக்கு புதிய திசையில் திரும்பியது. உழைப்பின் துன்பத்தைக் காட்டியவர், உழைப்பவரின் மாண்பைக் காட்ட முற்பட்டார். 1930ஆம் ஆண்டு நியூயார்க்கில் 102 தளங்களைக் கொண்ட எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழுந்தது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்த ஹைன், கட்டடத்திற்கு வெளியே தொங்கவிடப்பட்ட கூடையில் நின்று, வானளாவிய இரும்புச் சட்டங்களின்மேல் வேலை செய்யும் தொழிலாளரைப் படம் எடுத்தார். அப்படங்கள் பலவற்றைக் கொண்டு 1932ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல் இளம் வாசகர்களுக்கென உருவாக்கப்பட்டது. நாம் வாழும் நகரத்தைக் கட்டியவர் யார் என்பதை இளையோர் அறிய வேண்டும் என்னும் ஆசிரியரின் எண்ணம் அவரை விட்டு நீங்கவே இல்லை.

இறுதிக் காலம்

பிற்காலம் ஹைனுக்கு இனியதாக அமையவில்லை. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் பணிகள் அருகின. அரசு தொடங்கிய ஒளிப்படத் திட்டத்தில் சேர அவர் முயன்றும் இடம் கிடைக்கவில்லை. கடனால் வீடு கைவிட்டுப் போனது. 1939ஆம் ஆண்டு ஒளிப்படக் கலைஞர் பெரனிஸ் அபாட்டும் கலைத் திறனாய்வாளர் எலிசபெத் மெக்காஸ்லேண்டும் முயன்று, அவருடைய வாழ்நாள் படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தனர். புகழ் சற்றே திரும்பியது; வறுமை நீங்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் மனைவி சாரா மறைந்தார். 1940ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ஹைன் உயிர் நீத்தார். 1938ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1941ஆம் ஆண்டு பிப்ரவரியில். அத்தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை.

தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக அவர் எடுத்த படங்களுள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் பலவற்றில் ஒரு பெயரோ, வயதோ, உயரமோ குறிக்கப்பட்டுள்ளது. இலட்சக்கணக்கான குழந்தைகள் என்று உலகம் எண்ணால் குறித்தபோது, ஒவ்வொருவராகப் பார்த்து எழுதி வைத்த கை அது.

கருவியின் ஆற்றல் அன்றைவிட இன்று பன்மடங்கு பெருகியுள்ளது. கறுப்புத் துணியும் கண்ணாடித் தட்டும் மக்னீசியப் புகையும் மறைந்துவிட்டன. ஆயினும், படம் எடுப்பதற்குமுன் ஹைனின் மாணவர்கள் சிந்திக்க வேண்டியிருந்த வினாக்கள் மறையவில்லை. எங்கே நிற்கிறோம்? எதைச் சட்டகத்திற்குள் கொள்கிறோம்? எதை வெளியே விடுகிறோம்? எதிரில் இருப்பவரை எந்த உயரத்திலிருந்து பார்க்கிறோம்? இவ்வினாக்களுக்கு நேர்மையாக விடை காண்பவரே நன்கு பார்க்கக் கற்றவர் ஆவர்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளி வளாகத்தில் உள்ள ஏதேனும் ஒரு காட்சியை மூன்று வெவ்வேறு கோணங்களில் படம் எடுத்து, கோணம் மாறும்போது பொருள் எவ்வாறு மாறுகிறது என்பதை வகுப்பில் விளக்குக.

2. உங்கள் ஊரில் உழைக்கும் ஒருவரின் இசைவோடு அவரைப் படம் எடுத்து, அவர் செய்யும் தொழில் குறித்து ஐந்து தொடர்களில் படக்குறிப்பு எழுதுக.

3. குழந்தைகளின் கல்வி உரிமையை வலியுறுத்தி, மூன்று படங்களும் பத்துக்கு மிகாத சொற்களும் கொண்ட சுவரொட்டி ஒன்றை வடிவமைக்க.

4. உண்மையை வெளிக்கொணர ஹைன் வேடமிட்டு ஆலைகளுக்குள் நுழைந்தது முறையா? இருதரப்புக் கருத்துகளையும் தொகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.